ஞியூர் எங்கிருந்து வந்தது? – வகுப்பறையில் நான் சொன்ன ஒரு தவறு

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் புலனத்தில் ஒரே செய்தி மூன்று குழுக்களிலிருந்து எனக்கு வந்தது. கடற்கரைத் தென்னை மரத்தின் படம், அதன்மேல் சிவப்பு எழுத்து. மலாய்மொழியில் தேங்காயை ‘ஞியூர்’ என்கிறார்களாம். அது நம்முடைய ‘இளநீர்’ என்ற சொல்லின் திரிபாம். இளநீர் ‘நீர்’ ஆகி, நீர் ‘நியர்’ ஆகி, நியர் ‘ஞியூர்’ ஆகிவிட்டதாம். “தமிழன் என்றால் பகிரவும்” என்று முடித்திருந்தார்கள்.

வழக்கம்போல் கடந்து போயிருப்பேன். ஆனால் ஒரு குழுவில் என் முன்னாள் மாணவர் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “இதை எங்க சார் அப்பவே வகுப்பில் சொல்லிட்டாரு.” பக்கத்தில் என் பெயர்.

மனம் சுருக்கென்றது. அவர் பொய் சொல்லவில்லை. 1994-இல், ஐந்தாம் ஆண்டு வகுப்பில், கரும்பலகையில் அம்புக்குறி எல்லாம் போட்டு நான் சொன்னதுதான் அது. எந்த நூலையும் பார்த்துச் சொல்லவில்லை. காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தது, சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கும் ஒரு மகிழ்ச்சி.

மறுநாள் ஒரு பெண்பிள்ளை போய் எங்கள் பள்ளியில் மலாய் கற்பித்த ஆசிரியையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மையார் கோபப்படவில்லை. ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு வந்து, அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பிலிப்பீன்ஸ்காரர்கள் தேங்காயை ‘நியோக்’ என்கிறார்கள். ஹவாயில் ‘நியு’ என்கிறார்கள். அங்கேயும் தமிழர்கள் போய்ச் சொல்லிக் கொடுத்தார்களா?”

என்னிடம் பதில் இல்லை. சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்ததும் அதைத் தேடித்தான் படித்தேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் தவறாகச் சொல்லிக் கொடுத்த மாணவர்களில் சிலராவது இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கைதான்.

முதலில் மலாய்மொழியைப் பார்ப்போம். அதில் தென்னைக்கும் தேங்காய்க்கும் இரண்டு சொற்கள் உண்டு: ‘கெலாப்பா’, ‘ஞியூர்’. கடையிலும் சமையலிலும் இன்று அதிகம் கேட்பது கெலாப்பா. ஞியூர் பாட்டிலும் கவிதையிலும் அதிகம் வரும். வடமாநிலக் கம்பங்களில் பெரியவர்கள் பேச்சில் அது இன்னும் அன்றாடச் சொல்தான். இந்தோனேசியாவின் வட சுலாவேசி மாநிலத்துக்கே ‘ஞியூர் கையசைக்கும் பூமி’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர் இருக்கிறது.

இந்த ஞியூர் எவ்வளவு பழையது?

சுமத்ராவில் பலெம்பாங் நகருக்கு அருகே 1920-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. தாலாங் தூவோ கல்வெட்டு என்பார்கள். இன்று ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்ரீவிஜய அரசர் ஜயநாசர், எல்லா உயிர்களின் நன்மைக்காகவும் ஒரு பூங்கா அமைத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. சக ஆண்டு 606, அதாவது கி.பி. 684. அந்தப் பூங்காவில் நட்ட மரங்களின் பட்டியல் அதில் வருகிறது. பட்டியலில் முதல் பெயரே ‘நியுர்’. அடுத்து பினாங், அதாவது பாக்கு. பினாங்குத் தீவின் பெயரும் இதுதான். அதன்பின் சர்க்கரைப்பனை, அதன்பின் சவ்வரிசிப்பனை. நான்கும் பனைக் குடும்பத்து மரங்கள். 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, மலாய்மொழி எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காலத்திலேயே, இந்தச் சொல் அங்கே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்வெட்டின் எழுத்து பல்லவ எழுத்து. காஞ்சிப் பல்லவர் நாட்டிலிருந்து கடல் கடந்து போன எழுத்துமுறை. இது நாம் மெய்யாகவே பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் எழுத்து நம்முடையது என்பதால் அதில் எழுதிய சொல்லும் நம்முடையது ஆகிவிடாது. இந்தப் பதிவில் ‘கெலாப்பா’ என்று தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். அதனால் கெலாப்பா தமிழ்ச்சொல் ஆகிவிட்டதா? எழுத்து ஒரு படகு. யாருடைய சரக்கையும் அது ஏற்றிக்கொண்டு போகும்.

சரி, அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம்.

பிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியில் தேங்காய் ‘நியோக்’. பாலித்தீவில் ‘ஞுஹ்’. ஆச்சே மொழியில் தேய்ந்து தேய்ந்து வெறும் ‘ஊ’ என்ற ஒற்றை எழுத்தாக நிற்கிறது. பசிபிக் பெருங்கடலுக்குள் இறங்கினால் பிஜியில் ‘நியு’, சமோவாவில் ‘நியு’, தொங்காவில் ‘நியு’, ஹவாயில் ‘நியு’. கிரிபாத்தி, மார்ஷல் தீவுகளில் ‘நி’. மேற்கே திரும்பி இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையோரம் மடகாஸ்கருக்குப் போனால் அங்கே ‘வுவானியு’. அதில் ‘வுவா’ என்றால் பழம், காய். மலாயில் ‘புவா’ என்கிறோமே, அதே சொல்தான். ஆக மடகாஸ்கர்க்காரர் சொல்வது ‘புவா ஞியூர்’.

ஒரு பக்கம் ஹவாய், மறுபக்கம் மடகாஸ்கர். உலக உருண்டையை ஏறத்தாழப் பாதி சுற்றிவரும் தூரம். இத்தனை தூரத்துக்கும் ஒரே சொல்.

இது தற்செயலாக ஒலி ஒத்துப்போனதா என்று கேட்கலாம். அப்படி இல்லை என்று காட்ட மொழியறிஞர்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். ஓர் ஒலி மாறினால் அதே ஒலி மற்றச் சொற்களிலும் அதே மாதிரி மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பறையில் நாம் விடைத்தாள்களை அடுக்கிவைத்து ஒப்பிடுவதுபோலத்தான்.

மலாய்க்கும் தகாலோக்கிற்கும் செய்து பாருங்கள். தகாலோக் சொற்களில் வரும் ககரத்தை, ‘கங்கை’யின் முதல் எழுத்தை ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும்.

அரிசி: மலாயில் பெராஸ், தகாலோக்கில் பிகாஸ்.
நரம்பு: மலாயில் ஊராட், தகாலோக்கில் ஊகாட்.
முட்டை: மலாயில் தெலூர், தகாலோக்கில் இத்லோக்.
உதடு: மலாயில் பிபிர். தகாலோக்கில் பிபிக், அங்கே அது வாயைக் குறிக்கும்.
தேங்காய்: மலாயில் ஞியூர், தகாலோக்கில் நியோக்.

மலாயில் ரகரம் நிற்கும் இடத்தில் தகாலோக்கில் ககரம் நிற்கிறது. சொல்லின் நடுவிலும் சரி, கடைசியிலும் சரி. இனிப் பசிபிக் தீவுகளைப் பாருங்கள். அங்குள்ள பாலினேசிய மொழிகளில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து உதிர்ந்துவிடும். மலாயில் மீன் ‘ஈக்கான்’, நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ‘ஈக்கா’. மலாயில் வானம் ‘லாங்ஙிட்’, சமோவாவில் ‘லாங்ஙி’. அதே விதிப்படி ஞியூரின் கடைசி ரகரமும் உதிர்ந்து ‘நியு’ ஆனது.

அரிசியும் முட்டையும் மீனும் வானமும் ஒரே விதிக்குக் கட்டுப்படும்போது தேங்காயும் அதே வரிசையில் வந்து நிற்கிறது. அப்படியானால் அது கடையில் வாங்கிய சொல் இல்லை. வீட்டில் பிறந்த பிள்ளை.

இந்த மொழிகள் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக்கி ‘ஆஸ்திரோனேசிய மொழிகள்’ என்கிறார்கள். ஏறத்தாழ 1,200 மொழிகள். இந்த உறவை மனிதர்கள் கவனிக்கத் தொடங்கியும் வெகுகாலம் ஆகிறது. ஹௌட்மன் என்ற டச்சுக்காரர் 1603-இல் வெளியிட்ட சொல்லகராதியில் மலாயும் மடகாஸ்கர் மொழியும் ஒரே நூலில் இருந்தன. 1708-இல் ரேலாண்ட் என்ற டச்சு அறிஞர், மலாய்க்கும் மடகாஸ்கர் மொழிக்கும் பசிபிக் தீவுகளின் மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான டெம்ப்வொல்ஃப், பின்னர் அமெரிக்கரான ராபர்ட் பிளஸ்ட் ஆகியோர் ஒலி விதிகளைச் சொல் சொல்லாகத் தொகுத்தார்கள். அவர்கள் மீட்டெடுத்துக் காட்டும் மூலச்சொல் ஏறக்குறைய ‘நியுர்’ என்றே ஒலிக்கும்.

ஒரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். இந்தக் குடும்பம் தைவான் தீவிலிருந்து புறப்பட்டது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆனால் தைவானின் பழங்குடி மொழிகளை வைத்து இந்தத் தேங்காய்ச் சொல்லை மீட்டெடுக்க முடிவதில்லை. அங்கிருந்து தெற்கே பிலிப்பீன்ஸ் பக்கம் இறங்கிய பிறகுதான், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், சொல் தலைகாட்டுகிறது. தென்னை செழிக்கும் வெப்பக் கடற்கரைக்கு வந்த பிறகுதான் அதற்குப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. சொல் பிறந்த இடத்தை மரமே காட்டிக்கொடுக்கிறது.

இப்போது என் கரும்பலகை அம்புக்குறியை நீங்களே திருத்தலாம். தமிழ் வணிகர் காலெடுத்து வைக்காத ஹவாயிலும் சமோவாவிலும் இந்தச் சொல் இருக்கிறது. தமிழ் வணிகம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. தவிர, இளநீர் என்பது இளங்காயும் அதன் தண்ணீரும். ஞியூர் என்பதோ மரத்தையும் முற்றிய காயையும் சேர்த்துக் குறிப்பது. நாம் மரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தால் ‘தெங்கு’ என்றல்லவா கொடுத்திருப்போம்? தெங்கு காய்த்ததுதானே தெங்கங்காய், தேங்காய். மலையாளத்தில் தெங்ஙு, கன்னடத்தில் தெங்கு, தெலுங்கில் டெங்காய. அது நம் குடும்பத்துச் சொல். அவர்களுக்கு நியு எப்படியோ, நமக்குத் தெங்கு அப்படி.

ஒரு குடும்பத்துக்குள்ளேயும் எல்லோரும் ஒரே சொல்லைக் காப்பாற்றுவதில்லை. செபுவில் தேங்காய் ‘லூபி’. பூகிஸ், மக்காசார் மக்களுக்குக் ‘காலுக்கு’. ஜாவாவில் ‘கிராம்பில்’, மினாங்கபாவில் ‘காராம்பியா’, பாத்தாக் மக்களிடம் ‘ஹாராம்பிர்’. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று உறவு என்பது காதுக்கே தெரியும். தாஹித்தியில் பழைய ‘நியு’ மங்கி ‘ஹாஅரி’ என்பது வழக்காகிவிட்டது. ஊருக்கு ஊர் நாமும் சிரட்டை என்றும் கொட்டாங்கச்சி என்றும் சொல்வதில்லையா?

கெலாப்பாவின் கதை வேறு. அது துறைமுகத்தின் சொல். சுண்டா மொழியில் ‘கலாப்பா’. இன்றைய ஜகார்த்தாவின் பழைய பெயர் சுண்டா கெலாப்பா. 1522-இல் போர்த்துக்கீசியர் அங்கே சுண்டா அரசோடு உடன்படிக்கை செய்து கல் நட்டார்கள். 1527-இல் டெமாக் அரசின் படை துறைமுகத்தைப் பிடித்தது. ஊர் ஜயகர்த்தா ஆனது. 1619-இல் டச்சுக்காரர் கையில் பத்தாவியா ஆனது. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறினாலும் சீன வணிகர்கள் பழைய பெயரை விடவில்லை. கெலாப்பாவைத் தங்கள் நாவுக்கு வளைத்தே அந்த நகரத்தை அழைத்தார்கள். ‘தேங்காய் நகர்’ என்ற பொருளில் ஒரு சீனப் பெயரும் உண்டு. டச்சுக்காரர்கள் இதே சொல்லை எடுத்துத் தேங்காயைக் ‘கிளாப்பர்’ என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இன்றும் தேங்காய் கிளாப்பர்தான்.

ஓய்வுக்குப் பிறகு நானும் வீட்டுக்காரம்மாவும் ஜகார்த்தா போயிருந்தோம். பழைய துறைமுகத்துக்கு இன்னும் சுண்டா கெலாப்பா என்றுதான் பெயர். மரக்கப்பல்கள் மூக்கை நீட்டி வரிசையாக நிற்கின்றன. நின்ற இடத்திலிருந்து பார்த்தவரை ஒரு தென்னைகூட என் கண்ணில் படவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

இந்தியப் பெருங்கடல் பக்கம் இன்னொரு பெரிய சொற்குடும்பம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் நாரிகேளம், இந்தியில் நாரியல், பாரசீகத்தில் நார்கீல், அரபியில் நார்ஜீல். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் இந்தியாவின் இந்தக் காயை ‘அர்கெல்லியா’ என்று எழுதினார். நார்கீலின் தலை வெட்டுப்பட்ட வடிவம். புகை இழுக்கும் ஹூக்காவைத் துருக்கியர் ‘நார்கிலே’ என்பதும் இதிலிருந்துதான். முன்னாளில் அதன் தண்ணீர்க் குடுவை தேங்காய்ச் சிரட்டை. அதற்குப் பிறகு வந்த போர்த்துக்கீசியர், சிரட்டையின் மூன்று கண்களைப் பார்த்துக் குழந்தைகளுக்குப் பூச்சாண்டி காட்டும் முகம் நினைவுக்கு வந்து ‘கோகோ’ என்றார்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது.

பசிபிக்கில் நியு, இந்தியப் பெருங்கடலில் தெங்கும் நாரிகேளமும். சொற்கள் இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்க, 2011-இல் தாவர மரபணு ஆய்வு ஒன்று வெளிவந்தது. பீ கன், பௌதுவான், ஓல்சன் என்ற மூவர் உலகெங்குமிருந்து 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளை ஆராய்ந்தார்கள். தென்னையில் இரண்டு பெரும் பிரிவுகள் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று பசிபிக் பிரிவு, மற்றொன்று இந்தியப் பெருங்கடல் பிரிவு. மனிதன் தென்னையை இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பயிராக்கியிருக்கிறான் என்பது அவர்கள் முடிவு. தென்கிழக்கு ஆசியத் தீவுகள் ஓர் இடம். தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு சூழ்ந்த பகுதி இன்னோர் இடம். இரண்டு பிரிவும் கலந்து கிடப்பது எங்கே தெரியுமா? மடகாஸ்கர் பக்கத்தில். வுவானியு என்று சொல்லும் அதே மடகாஸ்கர்! சொல்லைக் கொண்டுபோன கப்பல்காரர்கள் காயையும் கொண்டுபோயிருக்கிறார்கள். மொழியும் மரமும் ஒரே சாட்சியம் சொல்கின்றன.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கியது. தென்னை வளர்ப்பை அவர்கள் நம்மிடம் கற்கவும் இல்லை, நாம் அவர்களிடம் கற்கவும் இல்லை. இரண்டு பேரும் தத்தம் கரையில் தாமாகவே கற்றிருக்கிறோம். இதில் யார் யாருக்கு ஆசான் என்ற சண்டைக்கு இடமே இல்லை.

கடல்காரர்களுக்குத் தேங்காய் சும்மா ஒரு காய் இல்லை. உடையாத புட்டியில் அடைத்த குடிநீர், கெடாத உணவு, படகு கட்டும் கயிறு, போய்ச் சேர்ந்த இடத்தில் நடுவதற்கு நாற்று, எல்லாம் அதுதான். மகெல்லன் கப்பலில் வந்த பிகாஃபெட்டா 1521-இல் பிலிப்பீன்ஸ் தீவில் இந்த மரத்தின் பயன்களை வியந்து பட்டியலிட்டார். இரண்டு தென்னை இருந்தால் பத்துப் பேர் உள்ள ஒரு குடும்பம் வாழலாம் என்று எழுதினார். அப்படிப்பட்ட மரத்தை விட்டுவிட்டு வாழப் போனவர்கள் கதைதான் இந்தத் தேடலில் என்னை அதிகம் தொட்டது.

பாலினேசியர்கள் ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள்தான் மாவோரிகள். அங்கே குளிர். தென்னை பிழைக்கவில்லை. மரம் போனால் சொல்லும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை.

தாஹித்தியிலும் குக் தீவுகளிலும் தென்னங்கீற்றைக் குறிக்கும் சொல் ‘நீக்காவ்’ போன்றது. ஹவாயில் அதே சொல் ஈர்க்கைக் குறிக்கும். மாவோரிகள் புதிய நாட்டில் உள்ளூர்ப் பனை ஒன்றைக் கண்டார்கள். தேங்காய் காய்க்காது, ஆனால் ஓலை தென்னையை நினைவூட்டும். அந்த மரத்துக்கு ‘நீக்காவ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதுதான் பெயர்.

இன்னொன்று. தொங்காவில் நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று பார்க்கத் தேங்காயைச் சுழற்றிக் குறி கேட்பார்கள். 1806 முதல் 1810 வரை அங்கே வாழ்ந்த மரினர் என்ற ஆங்கிலேய இளைஞரின் குறிப்புகளில் அது இருக்கிறது. மாவோரிகளிடம் சுழற்றத் தேங்காய் இல்லை. குச்சிகளைக் கொண்டு குறி பார்த்தார்கள். அந்தக் குச்சிகளின் பெயர் ‘நியு’. காய் இல்லாத நாட்டில் காயின் பெயர் குச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மரத்தை இழந்தும் சொல்லைக் கைவிடாத மக்கள் அவர்கள். அந்தச் சொல்லை எடுத்து, “இது எங்கள் இளநீர்தான்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறர் வீட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டுப் பெயரை வைத்துப் பிறப்புப் பத்திரம் எழுதியதுபோலத்தான் அது.

“அப்படியானால் நமக்குப் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா சார்?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. பொய் தேவைப்படாத அளவுக்கு இருக்கிறது.

மலாயில் கெடாய் நம் கடை. காப்பால் நம் கப்பல். பெத்தி நம் பெட்டி. மோடால் நம் முதல். செருத்து நம் சுருட்டு. மெம்பெலாம் நம் மாம்பழம். இவற்றை மலாய் அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. பட்டியலைக் கவனியுங்கள்: கடை, கப்பல், பெட்டி, முதல். வணிகர் கொண்டுவந்த வணிகச் சொற்கள். கடன் வாங்கிய சொல் அதைக் கொண்டுவந்த ஆளின் தொழிலைக் காட்டும். தேங்காயோ அவர்கள் கொல்லையில் ஏற்கெனவே காய்த்துக் கிடந்தது. அதற்குப் பெயர் கேட்டு வணிகரிடம் வரவேண்டிய தேவை என்ன?

தென்னையிலும் நம் பங்கு உண்டு. தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் ‘காயர்’ என்கிறார்களே, அது மலையாளக் கயர், நம் கயிறு. சிங்களத்திலும் மாலத்தீவின் திவெஹி மொழியிலும் இளநீர்க் காய்க்குக் ‘குரும்பா’ என்று பெயர். நம் குரும்பைதான். 1972-இல் மாலத்தீவில் திறந்த முதல் உல்லாச விடுதியின் பெயரே குரும்பா. பிறகு கொப்பரை. மலையாளத்தின் வழியே போர்த்துக்கீசியர் வாய்க்குப் போய், ஐரோப்பா சுற்றி, ‘கொப்ரா’ என்று உலகச் சந்தைச் சொல்லானது.

நான் பிறந்தது பேராக் மாநிலத்தில், பாகான் டத்தோ பக்கத்துத் தென்னைத் தோட்டத்தில். அப்பா உரித்த காயை உடைத்துச் சூளையில் காயவைக்கும் வேலை செய்தார். அவர் வீட்டில் சொன்னது ‘கொப்பரை’. தோட்டத்து அலுவலகக் கணக்கில் இருந்தது ‘கொப்ரா’. கணக்குப்பிள்ளை மாதிரிப் பேசுவதாக நினைத்து நான் ஒருநாள் “கொப்ரா” என்று சொல்லி அப்பாவைத் திருத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் மூத்த வடிவம் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உண்மையான பெருமை வீட்டுக்குள்ளே சூளைப் புகை வாசனையோடு உட்கார்ந்திருந்தது. அதை விட்டுவிட்டுப் பின்னாளில் பொய்யான ஒன்றைக் கரும்பலகையில் தேடியிருக்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் பக்கத்தில் தென்னை இருந்த இடங்கள் பல செம்பனை ஆகிவிட்டன. போன மாதம் பேத்தியிடம் ஈர்க்கைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். “லிடி, தாத்தா” என்றாள். மலாய்ச் சொல் சரியாகத் தெரிந்திருக்கிறது. அதில் தவறில்லை, தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஈர்க்கு தெரியவில்லை. பாளை, பன்னாடை, குரும்பை, கீற்று, மட்டை, சிரட்டை ஒன்றும் தெரியவில்லை. ஞியூரைத் தமிழ் என்று நிரூபிக்கப் பகிர்கிறோம். குரும்பையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மரத்தை இழந்த மாவோரி சொல்லை வைத்திருக்கிறார். மரம் வாசலில் நிற்கும்போதே நாம் சொல்லைத் தொலைக்கிறோம்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட ஆசிரியைக்கு நேற்று தொலைபேசியில் பேசினேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். “முப்பது ஆண்டுக்கு முன் நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. நான் சொன்னது தவறு” என்றேன். சிரித்தார். அவருக்கு அந்தக் கேள்வியே மறந்துபோயிருந்தது. “பதில் சொல்ல இவ்வளவு நாளா?” என்றார். அடுத்த பெருநாளுக்கு வீட்டுக்கு வாருங்கள், தேங்காய்ப்பால் விட்ட ரெண்டாங் வைத்திருப்பேன் என்றார்.

என் பெயரைப் போட்டு எழுதிய அன்பு மாணவருக்கு: நீங்கள் பாடத்தை நன்றாகவே நினைவில் வைத்திருந்தீர்கள், தம்பி. பாடம் நடத்தியவர்தான் தவறு செய்தார். அந்தச் செய்தியை அனுப்பிய குழுக்களுக்கே இந்தப் பதிவையும் அனுப்பிவிடுங்கள். நானும் அனுப்பியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தென்னையின் உறுப்புகளுக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களில் உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஊர் வழக்கு என்றும் சேர்த்து எழுதுங்கள். பேத்திக்கு ஒரு பட்டியல் செய்து கொடுக்கப் போகிறேன். இந்த முறை சரிபார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.